வெளியேற வேண்டியது நஞ்சா, நங்கையா?

மணமாகி ஐந்தாண்டுகளாகியும் தொட்டில் ஆடாத வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஊரார் என்ன பெயர் சூட்டுவர் என்பதை நாம் அறிவோம். மலடி! மூன்றே எழுத்து. அந்த மூன்றெழுத்துச் சுமையைத் தலையிலே தாங்கிக்கொண்டு அவள் தெருவிலே நடக்கிறாள். மணவீட்டிலே பின்வரிசை தேடி அமர்கிறாள். வளைகாப்பு வீட்டின் வாயிற்படியோடு திரும்புகிறாள். அரசமரத்தைச் சுற்றுகிறாள், மண்சோறு உண்கிறாள், சோதிடனிடம் சாதகத்தை நீட்டுகிறாள். 'முற்பிறவியிலே செய்த பாவம்' என்கிறான் அவன். 'இவள் வந்த வேளை' என்கிறாள் மாமியார். 'எல்லாம் தலைவிதி' என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். இரண்டாந்தாரத்துக்குப் பெண் தேடும் படலமும் தொடங்கிவிடுகிறது.

அவளுடைய நட்சத்திரத்தைக் கேட்டார்கள், ராசியைக் கேட்டார்கள், தாய்வழியிலே யாருக்கேனும் இக்குறை உண்டா என்று கிளறினார்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இவர்கள் இருவரும் என்ன தொழில் செய்கிறார்கள்? பகல் முழுதும் அவன் எந்தப் பொருளைக் கையால் அள்ளுகிறான், எந்தத் தூசியை மூச்சோடு இழுக்கிறான்? அவள் எந்த உலையருகே, எந்த வெயிலிலே, எத்தனை மணி நேரம் நிற்கிறாள்?

கேட்கப்படாத அந்தக் கேள்வியைத்தான் நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். பிள்ளையில்லாமைக்கும் கருச்சிதைவுக்கும் காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் ஆலையின் தலையிலே கட்டிவிட நாம் விரும்பவில்லை. ஆனால், பல காரணங்களுள் ஒன்று தொழிற்களத்திலே இருக்கிறது என்பதும், அதைத் தேடாமல் கிரகத்தைத் தேடுவது மடமை என்பதும் மெய்ப்பிக்கப்பட்ட செய்திகள். மெய்ப்பித்தது எவ்வாறு என்பதை முதலிலே காண்போம்.

அமெரிக்க நாட்டிலே, கலிபோர்னியா மாநிலத்திலே, லாத்ராப் என்றோர் ஊர். அங்கே ஒரு வேதிப்பொருள் ஆலை. பயிரின் வேரை அரிக்கும் நூற்புழுக்களைக் கொல்ல மண்ணிலே செலுத்தும் நஞ்சொன்று அங்கே ஆக்கப்பட்டு வந்தது. டைபுரோமோகுளோரோபுரோபேன் என்பது அதன் நீண்ட பெயர், டி.பி.சி.பி. என்பது சுருக்கம். அங்கு உழைத்தவர்கள் ஆண்கள். உடல் வலிமை உடையவர்கள். அவர்கள் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசிக்கொண்டபோது ஓர் உண்மை மெல்லத் தலைகாட்டிற்று. உன் வீட்டிலும் பிள்ளையில்லையா? என் வீட்டிலும் இல்லை. அவன் வீட்டிலும் இல்லையாமே! ஒரு வீட்டிலே நேர்ந்தால் அது குடும்பத் துயரம். ஒரே கூரையின் கீழ் உழைப்போர் பலர் வீட்டிலே நேர்ந்தால்? காரணத்தை அந்தக் கூரையின் கீழேதானே தேட வேண்டும்!

தேடினார்கள். 1977ஆம் ஆண்டு அவர்களிற் சிலருடைய விந்து ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. சிலருடைய விந்தில் உயிரணுக்கள் மிகக் குறைவாக இருந்தன. சிலருடையதிலே ஒன்றுகூட இல்லை. அந்த நஞ்சோடு பழகிய காலம் நீள நீள, அணுக்களின் எண்ணிக்கை தேய்ந்திருந்தது. அந்த மனைவியரின் ராசியிலா இருந்தது குறை? அவர்கள் வீட்டுக்குள் காலடி வைத்த வேளையிலா இருந்தது? கணவன்மார் கலக்கிய கலவையிலே இருந்தது!

இன்னொரு செய்தி நெஞ்சை அதைவிடச் சுடுவது. 1961ஆம் ஆண்டிலேயே அந்த நஞ்சை எலிகள் மூச்சோடு இழுக்கச் செய்து பார்த்திருந்தார்கள். எலிகளின் விதைகள் சுருங்கின. அந்த முடிவு அறிவியல் ஏட்டிலே அச்சேறியும் இருந்தது. ஏட்டில் இருந்த உண்மை, கையில் நஞ்சை ஏந்திய தொழிலாளியின் காதுக்கு எட்டப் பதினாறு ஆண்டுகள் ஆயின! விதி எழுதியதை யாரும் படிக்க முடியாது என்பார்கள். இங்கே எழுதியிருந்ததோ அச்செழுத்து. படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். உழைப்பவனுக்குப் படித்துச் சொல்லத்தான் ஆளில்லை.

செய்தி வெளிவந்த அதே ஆண்டிலே, பீச் பழத்தோட்டக்காரர்களின் சங்கம் ஒன்று அரசுக்கு ஒரு கடிதம் எழுதிற்று. மலட்டுத்தன்மைதானே இதனால் வரும் தீங்கு; இனிப் பிள்ளை வேண்டாம் என்றிருக்கும் வயதினரை இந்த வேலைக்கு விரும்பி வரச் சொன்னால் என்ன என்பது கடிதத்தின் கருத்து. படித்துச் சிரித்துவிட்டுப் போகத் தோன்றும். போய்விடாதீர்கள், தோழர்களே! நாம் ஆராய எடுத்துக்கொண்ட அறக்கேள்வி முழுவதும் அந்தக் கடிதத்திலே அடங்கியிருக்கிறது. நஞ்சு நிலையானது, அதை அசைக்காதே. நஞ்சுக்கேற்ற மனிதனைத் தேடிக்கொள் — இதுதான் அக்கடிதத்தின் தத்துவம். விலங்குகளிலே அந்த நஞ்சு புற்றும் விளைவித்தது என்பதையும் அத்தத்துவம் மறந்தது. பிள்ளை வேண்டாதவனுக்கும் உயிர் வேண்டுமே என்பதையும் மறந்தது.

1979இல் அமெரிக்கா தன் மண்ணிலே அந்த நஞ்சின் பயன்பாட்டை, ஒன்றிரண்டு விலக்குகள் தவிர, நிறுத்திற்று. ஆனால், அதற்குள் அது நடு அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களிலே புகுந்து வேலை செய்திருந்தது. கோஸ்டா ரிக்கா நாட்டிலே மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் மலட்டுத்தன்மைக்கு ஆளாயினர். பணக்கார நாட்டின் தட்டிலே பழம் இனித்தது. ஏழை நாட்டின் வீட்டிலே தொட்டில் காய்ந்தது.

இதுவரை கூறியது ஆண்களின் கதை. ஆண்களுக்குத் தீங்கு என்று தெரிந்ததும் நஞ்சைத் தடுக்கும் முயற்சி எழுந்தது. பெண்களுக்கும் அவர்களுடைய கருவுக்கும் தீங்கு என்று தெரிந்தபோது என்ன நடந்தது? அதற்கு ஈயத்தின் வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

ஈயம் மிகப் பழைய நஞ்சு. 1860ஆம் ஆண்டு, பாரிசு மருத்துவர் கான்ஸ்தந்தேன் பால் என்பார் அச்செழுத்து வார்க்கும் பட்டறையிலே உழைத்த பெண்களைக் கவனித்தார். அடுத்தடுத்துக் கருச்சிதைவு, இறந்து பிறக்கும் குழந்தைகள். அந்தப் பெண்களோடு அவர் நின்றுவிடவில்லை. ஈயத்திலே உழைக்கும் ஆண்களின் மனைவியரையும் விசாரித்தார். பட்டறைக்குள்ளே கால் வைத்தறியாத அப்பெண்களின் கருவும் சிதைந்திருக்கக் கண்டார். தந்தையின் வழியாகவும் ஈயம் தாக்கும் என்ற எச்சரிக்கை அன்றே எழுதப்பட்டுவிட்டது.

ஆனால், சட்டத்தின் கண்ணுக்குத் தாய் மட்டுமே தெரிந்தாள். இங்கிலாந்திலே 1898ஆம் ஆண்டு வெள்ளை ஈய வண்ணப்பொடித் தொழிலின் கொடிய பகுதிகளிலிருந்து பெண்கள் விலக்கப்பட்டனர். வெள்ளை ஈயம் இருந்தது, ஆண்கள் இருந்தனர், பெண்ணின் கூலி மட்டும் போயிற்று.

அறியாத காலத்துச் செய்தி என்று இதை ஒதுக்கிவிடலாமா? எண்பதாண்டுகள் கழித்து, நிலவுக்கு மனிதனை அனுப்பி மீட்ட நாட்டிலே நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ தீவு என்னும் இடம். அங்கே அமெரிக்கன் சயனமைடு நிறுவனத்தின் ஆலை. ஈயம் கலந்த வண்ணப்பொடி செய்யும் பகுதியிலே ஏழு பெண்கள் வேலை பார்த்தனர். 1978இல் அவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது: ஐம்பது வயதுக்குட்பட்ட பெண் எவரும், கருவுற இயலாதபடி அறுவை செய்துகொண்டாலன்றி, இந்தப் பகுதியிலே வேலை செய்ய முடியாது. ஐந்து பெண்கள் அறுவைக்கு உடன்பட்டனர். மற்ற இருவர் கூலி குறைந்த வேலைக்குத் தள்ளப்பட்டனர். உடன்பட்ட ஐவரின் வேலையாவது நிலைத்ததா? 1980இல் அந்தப் பகுதியே மூடப்பட்டது! வேலைக்காகக் கருப்பையின் பயனைக் கொடுத்தார்கள். வேலையும் போயிற்று; கொடுத்தது மட்டும் திரும்பவில்லை. நீதி கேட்டு வழக்கு நடந்தது. அந்த அறிவிப்பு சட்டம் குறிப்பிடும் 'பணியிட ஆபத்து' ஆகாது என்று 1984இல் மேல்முறையீட்டு மன்றம் கூறிவிட்டது. கத்தி ஆலைக்கு வெளியே, மருத்துவமனையிலே இருந்ததாம். ஆலைக்கும் அதற்கும் தொடர்பில்லையாம்!

1982இல் மின்கலம் செய்யும் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் இதே வழியிலே இறங்கிற்று. கருவுற இயலாது என்று மருத்துவச் சான்று காட்டாத பெண் எவரும் ஈயம் சேர்ந்த வேலைக்கு வரக் கூடாது என்றது. மணவிலக்குப் பெற்ற ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வேறு வேலைக்கு மாற்றப்பட்டு ஊதியம் இழந்தார். இன்னொரு பெண் வேலையைக் காக்க அறுவை செய்துகொண்டார். அதே நிறுவனத்திலே ஆண் தொழிலாளி ஒருவர், 'நான் தந்தையாக விரும்புகிறேன்; என் குருதியிலுள்ள ஈயம் குறையும்வரை விடுப்புத் தாருங்கள்' என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள்! பெண் கேட்காதபோது காப்பாற்ற வந்த கை, ஆண் கேட்டபோதும் நீளவில்லை. காக்க நினைத்தது குழந்தையைத்தான் என்றால், அந்த ஆணின் குழந்தை குழந்தையில்லையா?

தொழிற்சங்கம் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1991 மார்ச் 20ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நிறுவனத்தின் தடை சட்டத்துக்கு மாறானது. பிறக்கப்போகும் பிள்ளையின் நலன் பற்றிய முடிவு பெற்றோருக்கு உரியதேயன்றி, அவர்களை வேலைக்கு வைத்திருப்போருக்கு உரியதன்று என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கே நல்லெண்ணம் உடையோர் ஒருவர் எழுந்து நம்மைக் கேட்கக்கூடும்: 'பெண்ணுரிமை பெரிதுதான். ஆனால், கருவிலிருக்கும் குழந்தையைச் சம்மதம் கேட்டா ஈயத்துக்கு ஆளாக்குகிறோம்? வாயில்லாத அந்த உயிருக்காகப் பேசுவோர் யார்?'

கேள்வி நேர்மையானது. விடையும் நேர்மையாக இருக்க வேண்டும். ஈயம் கருவைத் தாக்குவது உண்மை. உடல் அதைச் சுண்ணச்சத்தென்று ஏமாந்து எலும்பிலே சேர்த்து வைக்கிறது. குருதியிலே சில வாரங்களில் குறையும் ஈயம், எலும்பிலே பல ஆண்டுகள் தங்குகிறது. கருவுற்ற காலத்திலே பிள்ளையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு சுண்ணத்தை விடுவிக்கும்போது, ஒளிந்திருந்த ஈயமும் உடன் புறப்படுகிறது. நஞ்சுக்கொடி என்று பெயர்பெற்ற கொடியாலும் அந்த நஞ்சைத் தடுக்க இயலுவதில்லை. வளரும் மூளையை அது தாக்குகிறது. இவற்றில் ஒன்றையும் நாம் மறுக்கவில்லை.

ஆனால், பெண்ணை வெளியேற்றினால் குழந்தை பிழைக்குமா என்று பாருங்கள். ஆணின் விந்தணுவும் ஈயத்தால் கெடுகிறது. தந்தையை உள்ளேயே வைத்துக்கொண்டீர்கள். அவன் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிய தூசி வீட்டுக்கு வருகிறது. வேலையிலிருந்து வந்த அப்பாவைக் குழந்தை ஓடிச்சென்று கட்டிக்கொள்கிறது. அந்தத் தூசியால் வீட்டுக் குழந்தைகள் நஞ்சேறியதை மருத்துவர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். வெளியேற்றப்பட்ட தாயோ கூலியிழந்தாள். கருவுக்கு வேண்டிய சோறும் பாலும் குறைந்தன. நஞ்சும் போகவில்லை, பசியும் சேர்ந்தது! இதுவா குழந்தையைக் காக்கும் வழி?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இந்தக் கருணை எங்கே பிறந்தது? ஆண்கள் நிறைந்த, கூலி உயர்ந்த ஆலைகளிலே பிறந்தது. மருத்துவமனையிலே மயக்க வாயுவின் கசிவிலும், புற்றுநோய் மருந்துகளின் துளியிலும் செவிலியர் கைபட்டு உழைத்தனரே, அவர்களைக் 'கருவுக்கு ஆகாது' என்று கூண்டோடு வெளியேற்றியதுண்டா? இல்லை. ஏன்? அவர்களின்றி அங்கே வேலை ஓடாது! பெண் இல்லாமல் நடக்கும் இடத்திலே தாய்மை நினைவுக்கு வருகிறது. பெண் இல்லாமல் நடக்காத இடத்திலே தாய்மை மறந்துபோகிறது.

அப்படியானால் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு நம் வேலை முடிந்ததா? முடியவில்லை. பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டது தீர்ப்பு. கதவுக்குள்ளே காற்றைத் தூய்மையாக்கவில்லை. ஆணும் பெண்ணும் சரிசமமாக நஞ்சுண்ணலாம் என்பது உரிமையின் முதற்படி ஆகலாம், விடுதலை ஆகாது. 'விரும்பித்தானே வருகிறாள்' என்பார்கள். அடுப்பு எரியாத வீட்டிலிருந்து வருகிறவளின் விருப்பத்தை எந்தத் தராசிலே நிறுப்பது? ஆகவே, அறக்கேள்விக்கு விடை மூன்றாவது வழியிலே இருக்கிறது. ஆணையும் வெளியேற்றாதே, பெண்ணையும் வெளியேற்றாதே, நஞ்சை வெளியேற்று!

முடியுமா என்று கேட்போருக்கு வரலாறு விடை சொல்கிறது. 1978இல் அமெரிக்காவிலே வகுத்த ஈய விதி, ஆலைக் காற்றிலே ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்று வரம்பு கட்டிற்று. குருதியிலே ஈயம் மிகுந்தவரை அந்த வேலையிலிருந்து மாற்ற வேண்டும், மாற்றிய காலத்திலே ஊதியம் குறையக் கூடாது என்றது. பிள்ளை பெற விரும்புவோருக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், குருதியிலே இன்னும் குறைந்த அளவைப் பரிந்துரைத்தது. தாய்க்கும் தந்தைக்கும் ஒரே அளவுகோல்! இந்தியாவிலே 2000ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து ஈயம் விலக்கப்பட்டது. வீட்டு வண்ணப்பூச்சில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென 2016இல் விதி பிறந்தது. விலக்கவே முடியாது என்று பேசப்பட்ட பொருள்தான். மனிதன் முனைந்தபோது விலகிற்று. மாற்றுப்பொருள் இருந்தால் மாற்று. இல்லையேல் மூடிய கலத்துக்குள்ளே அடக்கு. தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சி எடு. உடை மாற்றிக் குளித்துச் செல்ல ஆலையிலேயே இடம் கொடு. முகமூடி கடைசிக் காவல். அதையே முதற்காவலாக்கித் தொழிலாளியின் முகத்திலே பொறுப்பைக் கட்டிவிடுவது சூழ்ச்சி.

'நஞ்சை வெளியேற்றலாம், கதிரவனை வெளியேற்ற முடியுமா?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனெனில், நம் தமிழ்நாட்டுப் பெண்ணின் கருவைத் தாக்கும் பகை புட்டியிலே மட்டும் இல்லை; வெட்டவெளியிலும் இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் தமிழ்நாட்டிலே 800 கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். கடும் வெப்பத்திலே உழைத்த பெண்களுக்குக் கருச்சிதைவு போன்ற கேடுகள் நேரும் வாய்ப்பு, அவ்வாறு உழைக்காதவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பது 2024இல் வெளிவந்த முடிவு. வயல், உப்பளம், செங்கற்சூளை எங்கும் குனிந்து நிற்கும் நம் பெண்களின் கதை அது.

கதிரவனை நகர்த்த முடியாது. வேலை நேரத்தை நகர்த்தலாமே! உச்சிப்பொழுதை விட்டு விடியலிலே வேலை தொடங்கலாம். நிழலுக்கு ஒரு கொட்டகை போடலாம். குடிக்க நீரும், ஒதுங்க ஒரு கழிப்பிடமும் கட்டலாம். ஒதுங்க இடமில்லை என்று அஞ்சியே தாகத்தை அடக்கிக்கொள்கிறாள் பெண். நீர் வற்றிய உடலிலே வெப்பம் மேலும் ஏறுகிறது. நாலு சுவரும் ஒரு கதவும் எழுப்பாததன் விலையை ஒரு கரு செலுத்துகிறது! பேறுகாலத்தை நெருங்கிய பெண்ணைக் கடும்பணிக்கு ஏவக் கூடாது என்று 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் கூறிற்று. ஆனால், பதிவேட்டிலே பெயரில்லாத தினக்கூலிப் பெண்ணின் களத்துமேட்டுக்கு எந்தச் சட்டம் நடந்து வந்தது? 'ஓய்வெடு' என்று அவளிடம் சொல்வது எளிது. ஓய்வுக்குக் கூலியும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது அறம். கொடுக்காவிட்டால், வெள்ளை ஈய ஆலையிலிருந்து விரட்டிய அதே பழைய அறிவிப்புதான்.

விதி என்போனும், 'பெண்ணே வெளியே போ' என்போனும் வெவ்வேறு மொழி பேசுவதாகத் தோன்றும். ஒருவன் நெற்றியிலே திருநீறு பூசியிருக்கிறான். மற்றவன் கையிலே மருத்துவச் சான்றிதழ் வைத்திருக்கிறான். இருவரும் செய்யும் வேலை ஒன்றே. நஞ்சின்மேல் விழ வேண்டிய பார்வையைப் பெண்ணின் உடல்மேல் திருப்புகிறார்கள். காரணம் கண்ணுக்குத் தப்புகிறது. காரணத்தை வைத்துக் காசு சேர்ப்பவன் கைக்குத் தப்புகிறான்.

பகுத்தறிவு என்பது கோயில் வாயிலிலே மட்டும் பேசப்படும் பொருளன்று, இளைஞர்களே! ஆலை வாயிலிலும் அது பேச வேண்டும். பழைய மின்கலத்தை உடைத்து உருக்கும் பட்டறை உங்கள் ஊரிலே இருக்கலாம். வெறுங்கையோடும் வெறுங்காலோடும் பூச்சிமருந்து தெளிக்கும் உழவர் உங்கள் தெருவிலே இருக்கலாம். அங்கே செல்லுங்கள். கலத்தின்மேல் ஒட்டிய சீட்டிலே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். லாத்ராப் தொழிலாளிக்குப் படித்துச் சொல்ல ஆளில்லாமற் போனதே, அந்தக் குறை நம் ஊரிலே நேர வேண்டாம். அந்தத் தொழிலாளர்களைப் போலவே நம்மவரும் வெட்கத்தை விட்டு, 'உன் வீட்டிலும் இப்படியா?' என்று ஒருவரையொருவர் கேட்கப் பழகட்டும். அறிவியலின் கதவைத் தட்டியது அந்தக் கேள்விதான்.

அந்தத் தொட்டிலாடாத வீட்டுக்கும் ஒருமுறை செல்லுங்கள். அந்தப் பெண்ணிடம் எதையும் கேட்க வேண்டாம், கேட்டவர்கள் போதும். பிள்ளை பெறுவதும் பெறாததும் அவளுடைய மதிப்பைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. அவளைச் சுற்றி நிற்போரிடம் கேளுங்கள்: இவர்கள் உழைக்கும் இடத்தை யாரேனும் சென்று பார்த்தீர்களா?

அந்தக் கேள்வி அந்த வீட்டிலே ஒலிக்கும் நாளிலே, மூன்றெழுத்துச் சுமை அவள் தலையிலிருந்து இறங்கத் தொடங்கும்.